சஸ்திர வைத்தியரின் யோக்கியதாபத்திரம்

இருபது வருஷ காலம் கத்தி பிடித்துப் பழகிய ஒரு சஸ்திர வைத்தியரிடம், "ஐயா, தாங்கள் இன்னும் ஆபரேஷன் செய்யத் தகுதியுடையவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டும், மனு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வருவது இயல்பே. சர்வகலாசாலையில் பரீக்ஷை தேறியாயிற்று, மேற்பட்டமும் பெற்றாயிற்று, கௌன்சில் ரிஜிஸ்தரில் பெயர் ஏறியாயிற்று, ஆயிரக்கணக்கான ரோகிகள் எழுந்து நடந்து வீடு போய்ச் சேர்ந்தனர். இனி யாரிடம் எதை நிரூபிப்பது என்பது அவர் கேள்வி. ஆயினும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்று அவர் அவ்வாறு மனுச் செய்துகொண்டே தீர வேண்டியிருக்கிறது. நமது தேசத்திலும் அதற்கு ஒப்பான விதியொன்று காகிதத்தில் உண்டு. இவ்விதி அவசியந்தானா, அவசியமாயின் வைத்தியரிடத்தில் எதைப் பார்த்து மறுபடி அத்தாட்சி வழங்குவது என்பது பற்றி நமது அபிப்பிராயத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாமும் கறுப்பு அங்கி தரித்துக் கோர்ட்டில் நின்றிருக்கிறோம். வக்கீல் ஒருவர் சட்டத்தை மறந்து பேசினால் எதிர்க்கட்சி வக்கீல் அந்த க்ஷணமே எழுந்து சுட்டிக் காட்டிவிடுவார். ஜட்ஜ் குறுக்கே கேட்பார். கட்சிக்காரர் பின் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தீர்ப்பு எழுத்தில் வரும். அதன் மேல் அப்பீலும் உண்டு. ஆபரேஷன் அறையிலோ கதவு சாத்தியிருக்கிறது. கட்சிக்காரர் மயக்கத்தில் கிடக்கிறார். கை தடுமாறியதா, இரத்தக் குழாய் தவறி அறுபட்டதா என்பதை அவர் ஒருக்காலும் அறியார். அறிந்தவர்கள் அறையிலிருக்கும் நாலைந்து பேரே. அவர்களோ பெரும்பாலும் அந்த வைத்தியருக்குக் கீழ்ப்பட்டவர்கள். ஆகவே, மற்றத் தொழில்களில் வாடிக்கைக்காரனே செய்துகொள்ளும் பரிசோதனையை இந்தத் தொழிலில் வேறு யாரேனும் அவனுக்காகச் செய்தாக வேண்டும்.

ஒரு முறை செய்தால் போதாதா? அரசன் அனுமதி பெற்ற பின்னரே வைத்தியன் தொழிலில் இறங்க வேண்டும் என்று சுசுருத சம்ஹிதை விதிக்கிறது. அதற்கு முன் பூசணி, வெள்ளரி முதலிய காய்களை அறுத்துக் கை பழக வேண்டும் என்றும் சொல்கிறது. கருவிகள் தலைமுறை தலைமுறையாய் மாறாதிருந்த நாளில் ஒரே அனுமதி ஆயுளுக்கும் போதியதாயிருந்திருக்கலாம். இன்றைய நிலை வேறு. பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனையே பாருங்கள். 1980-ல் பட்டம் பெற்றவர் வயிற்றைத் திறந்து கண்ணால் பார்த்துக் கையால் செய்யப் பயின்றார். 1985-ல் ஜெர்மனியிலும் 1987-ல் பிரான்ஸிலும் சிறு துவாரங்களின் வழியே குழாய்களைச் செலுத்திப் பித்தப்பையை எடுக்கும் முறை தொடங்கிற்று. ஐந்தாறு வருஷங்களில் அது உலகெங்கும் பரவிவிட்டது. ஏற்கெனவே தொழிலிலிருந்த வைத்தியர்களில் பலர் இரண்டொரு நாள் வகுப்பில் கேட்டுவிட்டு வந்து அதைச் செய்யலாயினர். அக்காலத்தில் பித்த நாளம் சேதமுற்ற ரோகிகளின் தொகை முன்னிலும் அதிகரித்தது. அவ்வைத்தியர்களின் யோக்கியதாபத்திரங்களில் யாதொரு குற்றமுமில்லை. அவை வேறொரு ஆபரேஷனுக்காகக் கொடுக்கப்பட்டவை, அவ்வளவே.

அமெரிக்காவில் சஸ்திர வைத்தியர்களுக்கென ஒரு பரீக்ஷை மண்டலி 1937-ல் ஏற்பட்டது. அது சர்க்கார் ஸ்தாபனமன்று. லைசென்ஸ் வழங்குவது அந்தந்த ராஜ்யத்தின் வேலை. ஆயினும் மண்டலியின் பத்திரமில்லாதவருக்கு ஆஸ்பத்திரிகளில் இடம் கிடைப்பது எளிதன்று. ஆரம்பத்தில் அப்பத்திரம் ஆயுள் முழுவதும் செல்லத்தக்கதாயிருந்தது. 1976 முதல் பத்து வருஷத் தவணை விதித்தார்கள். அதற்கு முன் பத்திரம் பெற்றவர்களுக்குத் தவணை கிடையாது. விதி செய்த தலைமுறை விதிக்கு வெளியே நின்றுகொண்டது. உலகத்தில் இது புதிதன்று. தவணை முடிந்தவர் தாம் செய்த ஆபரேஷன்களின் ஜாபிதாவையும், ஆஸ்பத்திரித் தலைவர்களின் கடிதங்களையும் இணைத்து மனுச் செய்து, மறுபடி பரீக்ஷை எழுத வேண்டும். 2018-ல் இம்முறையும் மாறிற்று. இப்பொழுது இரண்டு வருஷத்திற்கொரு முறை, புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே, 40 கேள்விகளுக்கு விடையளிக்கிறார்கள். புஸ்தகம் பார்த்து எழுதுவதை நாம் பரிகசிக்கவில்லை. நல்ல வைத்தியர் சந்தேகம் வந்தால் புஸ்தகத்தைப் புரட்டுபவரே. ஆனால் அப்பரீக்ஷை அவருடைய அறிவை அளக்கிறது. ரோகியின் வயிற்றுக்குள் செல்வது கை.

இங்கிலாந்து இவ்விஷயத்தில் கண் விழித்தது ஒரு பெருந் துக்கத்தினால். பிரிஸ்டல் நகரத்து ராயல் இன்பர்மரி என்னும் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் நடந்து வந்தது. 1988-ல் அங்கே மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியராய் வந்து சேர்ந்த ஸ்டீபன் போல்சின் என்பவர், மற்ற இடங்களைக் காட்டிலும் அங்கே ஆபரேஷன்கள் நெடுநேரம் நீடிப்பதையும், குழந்தைகள் அதிகமாய் இறப்பதையும் கண்டார். கண்டதோடு நில்லாமல் கணக்கெடுக்கத் தொடங்கினார். மேலே இருந்தவர்களிடம் சொன்னார், செவி கொடுப்பாரில்லை. 1995 ஜனவரியில் ஒரு சிறு குழந்தைக்குக் கடினமான இருதய ஆபரேஷன் குறிக்கப்பட்டிருந்தது. அதை நடத்தலாமா வேண்டாமா என்று முந்தின நாள் மாலை வைத்தியர்கள் கூடி விவாதித்தனர். நடத்துவதென்று முடிவாயிற்று. குழந்தை இறந்தது. அந்த மாலையில் அப்படியொரு கூட்டம் நடந்தது பெற்றோருக்குத் தெரியாது. நேயர்கள் இதனைச் சற்றே நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். தம் தொழில் தோழர்களிடையே தம்மைப் பற்றி எழுந்த சந்தேகத்தை, தம்மை நம்பிக் குழந்தையை ஒப்புவித்தவர்களிடம் சொல்ல வேண்டிய கடமை ஒருவருக்கும் தோன்றவில்லை.

1998-ல் பொது மெடிகல் கௌன்சில் மூன்று டாக்டர்களைக் குற்றவாளிகளெனத் தீர்மானித்தது. இருவர் பெயர் ரிஜிஸ்தரிலிருந்து நீக்கப்பட்டது. மூன்றாமவர் மூன்று வருஷ காலம் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யலாகாதென்று தடுக்கப்பட்டார். பின்னர் இயான் கென்னடி என்பவரின் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2001 ஜூலையில் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரையில், சாதாரணமான ஓர் ஆஸ்பத்திரியில் எதிர்பார்க்கத்தக்கதைவிட ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர் வரை அங்கே அதிகமாய் இறந்தனர் என்று அவ்வறிக்கை கண்டது. போல்சினோ அதற்கு முன்னமே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வைத்தியர்கள் போலிகளல்லர். மது மயக்கத்தில் கத்தி எடுத்தவர்களல்லர். கற்றவர்கள், உழைப்பாளிகள், பல ரோகிகளின் நன்றிக்குப் பாத்திரமானவர்கள். பட்டங்களைப் புதுப்பிக்க மனுக் கேட்டிருந்தால் அழகாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். எழுத்துப் பரீக்ஷை வைத்திருந்தால் தேறியிருப்பார்கள் என்றே நாம் நினைக்கிறோம். அவர்களைக் காட்டிக் கொடுத்தது ஒன்றேயொன்று. ஒரு மனிதர் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவந்த எண்ணிக்கை.

இத்தகைய அனுபவத்திற்குப் பின் இங்கிலாந்து என்ன ஏற்பாடு செய்தது? மறு அத்தாட்சித் திட்டமொன்றை 2005-ல் தொடங்குவதாயிருந்தார்கள். அதற்குள், தம் ரோகிகளையே கொன்ற ஷிப்மன் என்ற டாக்டரைப் பற்றி விசாரித்த ஜட்ஜ் ஜேனட் ஸ்மித் அம்மையார், 2004 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், உத்தேசித்த திட்டம் வைத்தியரின் தகுதியை உண்மையில் சோதிக்கப் போதாது என்று கண்டித்தார். திட்டம் நிறுத்தப்பட்டது. திருத்தப்பட்டு 2012 டிசம்பர் 3-ந் தேதி அமலுக்கு வந்தது. இதன்படி ஒவ்வொரு டாக்டரும் வருஷந்தோறும் மற்றொரு டாக்டரின் முன் உட்கார்ந்து தம் வேலையைப் பற்றிக் கணக்குச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்திற்கொரு முறை 'பொறுப்பு அதிகாரி' என்பவர் அவரைப் பற்றிக் கௌன்சிலுக்குச் சிபார்சு செய்வார். பரீக்ஷை இல்லை. மேற்கொண்டு கற்றது, தம் வேலையைத் தாமே சோதித்துத் திருத்திக்கொண்டது, நேர்ந்த விபரீதங்கள், வந்த புகார்கள், கூட வேலை செய்வோரும் ரோகிகளும் அவரைப் பற்றிச் சொல்வது ஆகியவற்றை அவர் தொகுத்து வைக்க வேண்டும்.

பரீக்ஷையைவிட இது மேலானதென்பதில் ஐயமில்லை. எனினும் இதிலும் வார்த்தை மிகுதி. இனிய மொழி பேசும் வைத்தியரை ரோகிகள் புகழ்வார்கள், புகழட்டும். குடலை அவர் ஒழுங்காகத் தைத்தாரா என்பதற்கு அப்புகழ்ச்சி சாட்சியாகாது.

அதற்குச் சாட்சி எங்கே கிடைக்கும் என்பதை நூறு வருஷங்களுக்கு முன்னரே ஒருவர் சொல்லிவிட்டார். பாஸ்டன் நகரத்து சஸ்திர வைத்தியர் எர்னெஸ்ட் காட்மன், தாம் சிகிச்சை செய்த ஒவ்வொரு ரோகிக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்து, ஒரு வருஷங் கழித்து அவர் எப்படியிருக்கிறார் என்று விசாரித்து அதில் குறிப்பார். ஆஸ்பத்திரிகளெல்லாம் இப்படிச் செய்து முடிவை ஜனங்களுக்கு வெளியிட வேண்டும் என்பது அவர் கக்ஷி. தாம் வேலை செய்த பெரிய ஆஸ்பத்திரி அதற்கு இணங்காமற் போகவே 1914-ல் ராஜினாமாச் செய்தார். மறு வருஷம் ஒரு கூட்டத்தில் நகரத்து வைத்தியர்களைப் பரிகசிக்கும் சித்திரமொன்றைக் காட்டி, வகித்த தலைமைப் பதவியையும் இழந்தார். தாம் நடத்திய சிறு ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேர் விஷயத்தில் நேர்ந்த பிழைகள் 123 என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். வருமானம் குறைந்தது, நண்பர்கள் விலகினர். தொழிலாளர் சமூகமெதுவும் தன் பிழைகளைத் தானே எண்ணுபவனை விரும்புவதில்லை. நமது வக்கீல் சமூகத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

காட்மன் சொன்னதைச் சட்டம் கட்டாயமாக்கிய இடம் நியூயார்க் ராஜ்யம். இருதய இரத்தக் குழாய் ஆபரேஷன்களின் முடிவுகளை 1989 முதல் சுகாதார இலாகா சேகரித்தது. ஆஸ்பத்திரிவாரிக் கணக்கை வெளியிட்டுவிட்டு, வைத்தியர்வாரிக் கணக்கை மறைத்துக்கொண்டது. 'நியூஸ்டே' என்ற தினசரி வழக்குத் தொடுத்தது. 1991-ல் கோர்ட்டு அதையும் வெளியிடும்படி தீர்ப்பளித்தது. ரோகிகளின் நோய்க் கடுமையைக் கழித்துக் கணக்கிட்ட மரண விகிதம் 1989-ல் நூற்றுக்கு 4.17 ஆக இருந்தது, 1992-ல் 2.45 ஆயிற்று. கணக்கு வெளியானதே முழுக் காரணமென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் கணக்கு வெளியானால் தொழிலே பாழாகும் என்றவர்களின் வாதம் அங்கே பொய்த்தது.

மிச்சிகன் ராஜ்யத்தில் நடந்து 2013-ல் வெளியான ஆராய்ச்சி இதனினும் ருசிகரமானது. ஸ்தூல சரீரிகளின் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனில் பழகிய 20 வைத்தியர்கள் தலைக்கு ஓர் ஆபரேஷனின் சலனப் படத்தைக் கொடுத்தனர். செய்தவர் பெயரை மறைத்து, அதே தொழிலிலுள்ள குறைந்தது பத்துப் பேரிடம் காட்டி, கையின் லாகவத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கடைசிக் கால் பகுதியில் நின்ற வைத்தியர்களின் ரோகிகளில் நூற்றுக்கு 14.5 பேருக்குச் சிக்கல்கள் நேர்ந்திருந்தன. முதற் கால் பகுதியினரிடம் 5.2 பேருக்கே. எல்லோரும் லைசென்ஸ் பெற்றவர்கள். எல்லோரும் தினந்தோறும் அத்தொழிலைச் செய்பவர்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்துத் தொழில் தோழர்கள் கண்டுபிடித்த வித்தியாசத்தை எந்த விண்ணப்பத் தாளும் கண்டுபிடித்திராது.

வைத்தியர்கள் தரப்பிலும் நியாயமுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மரண எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், கடினமான நோய்களைத் துணிந்து ஏற்பவர் மோசமானவராகவும், எளிய நோய்களையே பொறுக்கி எடுத்துக்கொள்பவர் கெட்டிக்காரராகவும் தோன்றுவர். நியூயார்க்கிலேயே சில வைத்தியர்கள் அபாய நிலையிலுள்ள ரோகிகளை ஏற்கத் தயங்கினர் என்ற புகார் எழுந்தது. ஆகவே ரோகியின் வயதையும் நோயின் கடுமையையும் கூட்டிக் கழித்தே கணக்கிட வேண்டும். வயது முதிர்ந்தவர்களைக் குறி வைத்து விதி செய்வதும் தகாது. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, அறுபது கடந்த வைத்தியர்களிடம் சில கடின ஆபரேஷன்களில் மரணம் அதிகமென்று கண்டது. அதுவும் அவ்வாபரேஷனை அரிதாய்ச் செய்பவர்களிடமே பெரும்பாலும் காணப்பட்டது. 2018-ல் வெளியான மற்றொன்றோ, முதிய வைத்தியர்களின் ரோகிகளே சிறிது குறைவாய் இறந்தனர் என்றது. தலை நரைத்ததா என்பதைவிட, கை இடைவிடாது பழகிவருகிறதா என்பதே முக்கியமாகத் தோன்றுகிறது. கணக்கில் பின்தங்கியவருக்கு முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் சமாதானத்தைக் கேட்க வேண்டும். மறு பயிற்சிக்கு வழி செய்ய வேண்டும். முடிவின் மேல் அப்பீலுக்கும் இடமிருக்க வேண்டும். ஒருவருடைய ஜீவனத்தைப் பறிப்பதற்கு முன் இவையின்றி எந்த நியாய ஸ்தலமும் முடிவு செய்யாது.

நமது தேசத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வைத்தியர் பதிவுச் சட்டம் 1914-ல் ஏற்பட்டது. 1930-ல் லண்டனிலுள்ள மெடிகல் கௌன்சில் இந்தியப் பட்டங்களை அங்கீகரிக்க மறுத்தது. அதன் விளைவாக 1933-ல் இந்திய மெடிகல் கௌன்சில் சட்டம் பிறந்தது. யோக்கியதாபத்திரம் வழங்கும் அதிகாரம் சில சமயம் அதிகாரம் செய்வதற்கே பயன்படும் என்று நம் வைத்தியர்கள் அஞ்சினால் அந்த அச்சத்துக்குச் சரித்திரமுண்டு. பிற்காலத்தில் சுதேசிக் கௌன்சிலே ஊழல் புகார்களின் நடுவே 2010-ல் கலைக்கப்பட்டதும், 2020-ல் அதன் ஸ்தானத்தில் தேசீய மருத்துவ ஆணையம் வந்ததும் அந்த அச்சத்தைப் போக்கவில்லை.

2002-ம் வருஷத்து நடத்தை விதிகள், ஒவ்வொரு டாக்டரும் ஐந்து வருஷங்களில் 30 மணி நேரமாவது மேற்கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன. 2023 ஆகஸ்டு 2-ந் தேதி ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பவே அதே மாதம் 23-ந் தேதி அவற்றை நிறுத்தி வைத்தது. பழைய விதிகளே மறுபடி அமலுக்கு வந்தன. ஆக, ஐந்து வருஷத்துக்கு 30 மணி. வருஷத்துக்கு ஆறு மணி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை இவ்விதி அளக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஒற்றையாளாய் நின்று, குடலிறக்கம், குடல்வால் வீக்கம், விபத்து என்று வந்ததையெல்லாம் பார்க்கும் வைத்தியருக்குப் பட்டணத்து ஓட்டலில் நடக்கும் கூட்டத்துக்குப் போகவே ஓய்வில்லை. போகக் கூடியவரோ போய்வந்து மணியைச் சேர்த்துக்கொள்கிறார். இருவரில் எவர் கையில் ரோகிகள் நலமாய்ப் பிழைக்கிறார்கள் என்பதைக் கேட்பாரில்லை.

கேட்பதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. ஆபரேஷன் அறைகளில் பதிவுப் புஸ்தகம் வைத்திருக்கிறார்கள். தேதி, ரோகியின் பெயர், வயது, நோய், செய்த ஆபரேஷன், செய்தவர், மயக்க மருந்து கொடுத்தவர் ஆகிய விவரங்கள் அதில் ஏறுகின்றன. அந்த வரிசையின் முடிவில் இன்னும் ஒரு பத்தி கோடு போட்டு, முப்பதாம் நாள் ரோகி எந்நிலையிலிருந்தார் என்று எழுதச் சொல்ல வேண்டும். நம் தமிழ் நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் டெலிபோனும் இருக்கிறது. விசாரித்து எழுதும் குமாஸ்தாவின் சம்பளத்தைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சர்க்காரும், தனியார் ஆஸ்பத்திரியில் அதன் முதலாளியும் ஏற்க வேண்டும். வைத்தியர் தலையில் அந்த வேலையைச் சுமத்தலாகாது. ஐந்து வருஷத்திற்கொரு முறை மனுச் செய்யும் பொழுது இந்தப் பக்கங்களின் நகலே பிரதான தஸ்தாவேஜாக இணைக்கப்பட வேண்டும். வெளி ஜில்லாவிலுள்ள வைத்தியக் கலாசாலையின் சஸ்திர வைத்தியர்கள் இருவர் அதைப் பரிசீலிக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் விதி கண்டிப்பாயிருக்க வேண்டும். ஆபரேஷன் ஆனபின் நிலைமை முற்றிய ரோகியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவர் அங்கே இறந்து போனாராயினும், அம்மரணம் முதலில் கத்தி வைத்த ஆஸ்பத்திரியின் புஸ்தகத்திலேயே எழுதப்பட வேண்டும்.